மாப்பிள்ளைக்குக் கிடைத்த கதவு

எழுதி வைத்த எதையும் நான் சட்டென்று நம்புவதில்லை. வேதமானாலும் சரி, மருந்துப் புட்டியானாலும் சரி. எனக்கு வாய்த்த மாப்பிள்ளையோ உட்பொருள் வகுப்பில் போய்ச் சேர்ந்தார்.

வகுப்பு நடத்துகிறவர் முன்பு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். வேதத்தில் வருவதெல்லாம் நமக்குள்ளேயே இருக்கிறதாம். அதிலிருந்து ஆளுக்கு ஒரு சொல் கொடுப்பார். அந்தச் சொல்லுக்குரிய பொருளின் முன்னால், அது மனசுக்குள் திறக்கும்வரை உட்கார வேண்டும். ஒருவர் பானையைக் கட்டிக்கொண்டு இருந்தார். கழுதை கிடைத்தவர் இன்னும் கழுதை தேடிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்குக் கதவு. வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டு அதன் முன் சம்மணம் போட்டவர் வீட்டுக்கே வரவில்லை. மற்றவர்கள் ஜன்னலேறிக் குதித்துப் போய்வந்தார்கள்.

மகள் தகரப் பெட்டியில் துணி அடுக்கினாள்.

"சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா நான் உங்ககூட வந்துடுறேன்பா. பாதிச் சுவர் சுண்ணாம்பு அடிச்சுட்டு அப்படியே போட்டுட்டுப் போன மனுஷன்!"

எனக்கு இருப்பது ஒரே அறை, ஒரே கட்டில். அது போனால் போகட்டும். அவள் அழாமல் துணி மடித்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தச்சுப் பையை எடுத்துக்கொண்டு போய் நானும் ஜன்னலேறிக் குதித்தேன்.

"மாப்ள, எழுந்திருங்க."

"உஷ்! திறக்கப் போகுது மாமா."

"தாழ்ப்பாள் உங்க பக்கம்தானே இருக்கு?"

"இது வெளிக்கதவு மாமா. நான் சொல்றது உள்ள இருக்கறது."

பானைக்காரர் குறுக்கே வந்தார். "பெரியவரே, கலைக்காதீங்க. அவர் ரொம்ப உள்ள போயிட்டார்."

"வீட்டுக்குள்ள போகச் சொல்லுங்க. நீங்க பானையைப் பாருங்க."

கண்ணாடிக்காரர் கனிவாகக் கேட்டார்: "ஐயா, இந்தக் கதவு எதைக் குறிக்குதுன்னு நினைக்கறீங்க?"

"தேக்கு இல்லைங்கறதைக் குறிக்குது," என்று சொல்லிவிட்டுக் கீல்களைக் கழற்றினேன். கதவைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தேன்.

"ஐயோ மாமா, என் கதவு போகுதே!"

வெறுங்காலோடு ஓடிவந்தார்.

"கத்தாம ஒரு முனையைப் பிடிங்க."

பிடித்தார். வீடுவரை இருவருமாகச் சுமந்து, அந்தப் பாதிச் சுவரிலேயே சாய்த்து வைத்தோம். உடனே அதன் முன் உட்கார்ந்துவிட்டார்.

"ஆளைக் கூட்டிட்டு வருவீங்கன்னு பார்த்தா கதவைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க?" என்றாள் மகள்.

"தனியா வர மாட்டேன்னுட்டார்மா."

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். "இது திறந்தா என்ன தெரியும்?"

"உள்ள என்ன இருக்கோ அது," என்றார் மாப்பிள்ளை.

அவள் கதவைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். பிரஷ் நின்ற இடத்தில் சுண்ணாம்பு பல்லிளித்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"பாதியில விட்டிருக்கேன்."

"ஆமா."

"வாளி எங்க?"

"வெச்ச இடத்துலதான். கல்லாயிருக்கு."

புதிதாகக் கரைத்து எடுத்துவந்தார். மேலே எட்டவில்லை. தகரப் பெட்டிமேல் ஏறி நின்று அடித்தார். இறங்கச் சொல்லுவாள் என்று பார்த்தேன். வாளியை எடுத்துக் கொடுத்தாள்.

அந்த மனுஷனுக்குள் என்ன திறந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விளக்கம் சொல்லுவார்.