மூத்தவனின் வயது

கலெக்டர் அலுவலகப் பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்து சொர்ணம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. எண்பது வயது. நேற்று நடுத்தீவில் இருக்கும் ரங்கத்திலிருந்து நாள் முழுக்கப் பஸ்ஸில் தீவுகளின் தலைநகருக்கு வந்து, அங்கே டாலிகஞ்சில் தெரிந்தவர் வீட்டில் படுத்துவிட்டு, ஒன்பது மணிக்கே இங்கே வந்தாயிற்று. மகன் யோகராஜ் பக்கத்தில் நின்றான். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுபவன். முப்பத்தைந்து வருடமாக மரத்தருகே குனிந்து பழகிய இடுப்பு; உட்கார்ந்தால்தான் வலிக்கும்.

இந்த மாதக் கடைசியோடு அவனுக்கு ஓய்வு என்று தோட்டத்து ஆபீஸில் தாள் கொடுத்திருந்தார்கள். அறுபது முடிகிறதாம். அவனுக்கு நடப்பது ஐம்பத்தைந்து. ஓய்வு என்றால் இரண்டு மாதத்தில் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. பிறந்த தேதியைத் திருத்தச் சொல்லி மனுக் கொடுத்திருந்தான். சாட்சிக்குப் பெற்றவளைக் கூட்டி வந்திருந்தான்.

"அக்லா கௌன்?" அடுத்தது யார் என்று பியூன் இந்தியில் கத்தும்போது மணி மூன்றரை.

கிளார்க் கோவிந்தராஜ் மதுரைப் பக்கத்துக்காரர். தமிழிலேயே பேசினார். அன்றைக்கு அவர்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் அது ஒன்றுதான்.

"பாஸ்போர்ட்ல யோகராஜ், பொறந்தது அறுபத்தாறுன்னு தெளிவா இருக்கேம்மா."

"அது மூத்தவன்யா. அவன் பேரும் யோகராஜ்தான்." சொர்ணம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல இருந்தப்ப, இந்தியாவுக்குப் போறோம்னு அறுபத்தெட்டுல எழுதிக் குடுத்தோம். வீட்ல யார் யாருன்னு பேர் எழுதிக்கிட்டாங்க. இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு இருந்தோம். எழுபதுல மூத்தவன் வயித்தோட்டத்துல போயிட்டான். அடுத்த வருசம் இவன் பொறந்தான். புதுப் பேரச் சேத்தா மனு திரும்ப மொதல்லேருந்து போவும்னு கங்காணி சொன்னாரு. அதான் செத்தவன் பேரையே இவனுக்கு வச்சோம். பாஸ்போர்ட்டு எழுபத்துநாலுலதான் கைக்கு வந்துச்சு. மூணு வயசுப் புள்ளைய எட்டு வயசுன்னு கப்பல் ஏத்துனோம்."

"யாரும் கேக்கலையா?"

"தலையத்தான் எண்ணுனாங்க."

கோவிந்தராஜ் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அம்மா, இத நான் ஃபைல்ல ஏத்துனா என்ன ஆகும் தெரியுமா? இந்தியாவுக்கு வர பர்மிஷன் குடுத்தது மூத்தவனுக்கு. அவன் இல்ல. அப்ப இவரு யாரு, எந்தப் பேப்பர்ல வந்தாருன்னு கேப்பாங்க. சிட்டிசன்ஷிப்புக்கே புதுசா மனுப் போடச் சொல்வாங்க. இவரு மகளுக்குத் தீவுக்காரின்னு குடுத்த ஐலண்டர் கார்டும் போயிரும்."

"புதுசாப் போட்டா எவ்வளவு நாளாகும் சார்?" என்று யோகராஜ் கேட்டான்.

"அஞ்சு வருஷமும் ஆகும், பத்து வருஷமும் ஆகும்."

"இங்க வந்தே அம்பது வருசமாச்சு," என்றாள் சொர்ணம்மா. குரல் உடைந்து உயர்ந்தது. "அங்க ஆறு வருசம் நிக்க வச்சது யாருய்யா? நாங்களா? உங்க காயிதம் வர்ற வரைக்கும் எங்க வீட்ல புள்ள பொறக்கக் கூடாது, சாகக் கூடாதா?"

"என்மேல கோபப்பட்டு என்ன ஆகப்போகுது? மனுவ வாபஸ் வாங்கிருங்க. நல்லதுக்குத்தான் சொல்றேன். ஆனா தேதி மூத்தவனோடதுன்னு மனுவுல ஒரு வரி எழுதிட்டீங்க; வாபஸ் வாங்குனாலும் அது ஃபைல்ல நிக்கும். அது தப்புன்னு அம்மா ஒரு ஸ்டேட்மென்ட் குடுத்துடணும்."

யோகராஜுக்கு அந்த மேசையைக் கவிழ்க்க வேண்டும்போல் வெறி வந்தது. மகள் பானு அந்தக் கார்டை நம்பித்தான் போலீஸ் வேலைக்குத் தேர்வு எழுதிவிட்டுக் காத்திருந்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

கோவிந்தராஜ் இந்தியில் எழுதினார். எழுதி முடித்து, தமிழில் வாசித்துக் காட்டினார்.

"எனக்கு யோகராஜ் ஒருவனே மகன். அவனுக்கு முன் எனக்கு ஆண் குழந்தை எதுவும் பிறக்கவில்லை. மனுவில் கண்டது தவறு."

சொர்ணம்மா கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். "நாலு வருசம் வளத்தேன்யா. எங்க பொதச்சோம்னு எடம் சொல்லட்டுமா?"

யோகராஜ்தான் அவள் கையை வெளியே இழுத்தான். இடது கட்டைவிரலை மைப்பெட்டியில் தேய்த்து, தாளில் வைத்து அழுத்தினான். அவள் கையை இழுத்துக்கொண்டதில் ரேகை கலங்கிப்போய் விழுந்தது.

கோவிந்தராஜ் குனிந்து பார்த்தார். "சரியா விழல," என்றார். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இன்னொன்றை எடுத்து அதையே முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கினார். சொர்ணம்மா மை பட்ட விரலை நீட்டியபடி, அவர் எழுதி முடிக்கக் காத்திருந்தாள்.