மேல்மாடி விருந்தாளி

பின்லாந்தில் இஸால்மி ஊர் வாரப் பத்திரிகையின் கோப்புகள் எல்லாம் ஒரே சர்வரில் இருந்தன. புதன் சாயங்காலம், கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் கைசு அதற்குப் புதிய மென்பொருள் ஏற்றினாள். வியாழன் காலையில் அலுவலகத்தில் யாருக்கும் ஒரு கோப்பும் திறக்கவில்லை. மாலைக்குள் இதழ் அச்சுக்குப் போக வேண்டும்.

"அனுமதி இல்லைன்னு என்கிட்டயே சொல்லுது. நான் ஆசிரியர்டி!" என்றாள் ஹென்னா.

"அதுக்கு யாரா இருந்தா என்ன? பேர் சொன்னாத்தான் விடும்" என்றாள் கைசு.

பழைய மென்பொருள் கடவுச்சொல் இல்லாமல் வருகிறவர்களை எல்லாம் விருந்தாளி என்று உள்ளே விட்டுவிடும். புதியது விடாது. வருஷக்கணக்காக அந்த அலுவலகமே தன் கோப்புகளுக்கு விருந்தாளியாக இருந்திருக்கிறது, நல்ல கூத்து! கைசு ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனியாக உரிமை கொடுத்தாள். இரண்டாவது காப்பிக்குள் புலம்பல் அடங்கிவிட்டது.

ஆனாலும் சர்வர் ஒரு கணினியைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது. அதன் பெயர் ரைமோ.

ரைமோ அங்கே பிழை திருத்திக்கொண்டிருந்தவர். அதையெல்லாம் கணினியே பார்த்துக்கொள்ளும் என்று நான்கு வருஷத்துக்கு முன்பு ஹென்னாதான் அவரை வீட்டுக்கு அனுப்பினாள். வீடு அதே கட்டிடத்தின் மேல்மாடி. அலுவலக வைஃபை அதுவரை எட்டும்.

ரைமோவின் கணினி இத்தனை நாளும் கோப்புகளுக்குள் வந்துபோயிருக்கிறது என்று கைசு சொன்னதும் ஹென்னாவின் முகம் தொங்கிவிட்டது. பிழையே இல்லாத பத்திரிகை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் அவள். இருவரும் படியேறினார்கள்.

"போலீஸைக் கூட்டிட்டு வரலையா?" என்றார் கதவைத் திறந்த ரைமோ.

"இத்தனை நாளா நீதான் திருத்தினியா?" என்றாள் ஹென்னா.

"பின்ன, உன் கம்ப்யூட்டரா?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வேண்டாம்னிருப்ப. அப்புறம் நான் நாள் முழுக்க என்ன பண்றது?"

ஹென்னாவுக்கு வெட்கமாக இருந்தது. "உன்னை அனுப்பினது தப்புதான் ரைமோ."

"அதை அப்புறம் பேசலாம். மூணாம் பக்கம் சாவு அறிவிப்புல தூலியைத் துலின்னு போட்டிருக்கீங்க. தூலின்னா காத்து, துலின்னா நெருப்பு. காத்துன்னு பேர் வெச்ச பொம்பளையை நெருப்பாக்கிட்டீங்க. உன் கம்ப்யூட்டருக்கு ரெண்டும் சரியான வார்த்தைதான். நேத்து நான் திருத்தறதுக்குள்ள இவ கதவைச் சாத்திட்டா." அவர் கைசு பக்கம் திரும்பினார். "அந்தத் தூலியோட புருஷன் நாளைக்கு அந்த அறிவிப்பை வெட்டி எடுத்து வெச்சுக்குவான். சீக்கிரம் திறந்து விடும்மா."