அம்புக்குறியில் மாட்டிய முதல்வர்

உயிரியல் மேடத்துக்கு வேலை நிரந்தரமா, இல்லை மூட்டை கட்டுவதா என்பது அன்றைய ஒரு மணி நேர வகுப்பில் முடிவாக வேண்டும். மூன்று வருடமாகத் தற்காலிகம். கடைசி பெஞ்சில் கல்லூரி முதல்வர், மடியில் மதிப்பீட்டுப் படிவம், மூடி கழற்றிய பேனா. வாழ்க்கையில் முதல்முறையாகக் கடைசி பெஞ்சை நாங்கள் வெறுத்தோம்.

பாடம், 'அமைப்பு மாதிரி' எனும் சிஸ்டம் மாடல். எது எதைக் கூட்டுகிறது, எது எதைக் குறைக்கிறது என்று பெட்டியும் அம்புக்குறியுமாகப் போட்டுப் பார்ப்பது. புத்தகத்தில் இதற்கு முயலும் நரியும் இருந்தன. மேடம் திரையில் ஏஐ-யைத் திறந்தார். "பேசுற மாதிரியே சொன்னா போதும், அதுவே வரைஞ்சிடும். முயல் வேணாம், நம்ம காலேஜ்லேர்ந்து ஒண்ணு சொல்லுங்க."

"முதல் பீரியட்ல ஏன் ஆளே இல்லன்னு கேளுங்க மேடம்," என்றான் நாங்கள் தாடி என்று கூப்பிடுகிற வகுப்புத் தோழன். அவனே முதல் பீரியடைக் கண்ணால் பார்த்து ஒரு செமஸ்டர் ஆகிறது.

நாங்கள் சொல்லச் சொல்ல மேடம் தட்டினார். முதல்வர் உத்தரவுப்படி ஒன்பதுக்கு கேட்டைப் பூட்டுவார்கள். ஒரு நிமிஷம் தாமதமானவன் வெளியே. வெளியே நின்றவன் டீக்கடைக்குப் போவான், அங்கிருந்து வீட்டுக்கு. வருகை குறையும். அம்புக்குறிகள் பவ்வியமாக வந்து உட்கார்ந்தன. பிறகு ஏஐ கேட்டது: 'வருகை குறைந்தால் பூட்டும் நேரம் மாறுமா?'

மேடத்தின் விரல் நின்றது. தாடியின் வாய் நிற்கவில்லை. "மாறுமே! போன மாசம் ஒன்பதே கால், இப்ப ஒன்பது. அடுத்த மாசம் எட்டே முக்காலாம்."

வேறு வழியில்லாமல் மேடம் அதையும் தட்டினார். கடைசி அம்புக்குறி வருகையிலிருந்து கிளம்பிப் பூட்டில் முட்டியது. 'நீங்கள் சொன்னது சரியானால், சீக்கிரம் பூட்டப் பூட்ட வருகை இன்னும் சரியும்.'

முதல்வர் எழுந்து திரைக்கு அருகே வந்தார். "இதெல்லாம் யாரு அதுக்குச் சொன்னது?"

நாற்பது பேரும் தீவிரமாகக் குறிப்பெடுத்தோம். பாதிப் பேரிடம் நோட்டே இல்லை.

"நான்தான் சார் தட்டினேன்," என்றார் மேடம். "தப்பாவும் இருக்கலாம். வருகைப் பதிவேட்டோட ஒத்துப் பார்த்தாதான் தெரியும்."

தப்பென்று காட்டிவிடும் வேகத்தில் பதிவேட்டை வரவழைத்து முதல்வரே உரக்கப் படித்தார். "ஒன்பதே கால்... அறுபத்திரண்டு சதவீதம். ஒன்பது..." அடுத்த எண் அவர் சட்டைப் பொத்தானுக்கு மட்டுமே கேட்டது.

"சரி, ஒன்பதரைக்குப் பூட்டினா?"

"தெரியாது சார். ரெண்டு மாசமாவது திறந்து வெச்சு எண்ணிப் பார்க்கணும்."

"யாரு எண்ணுவா?"

"நான் எண்ணுறேன் சார். இங்க இருந்தா."

முதல்வர் படிவத்தைப் பார்த்தார். தாடியைத் திரும்பி நிற்கச் சொல்லி, அவன் முதுகில் வைத்து 'நிரந்தரம்' என்பதற்கு நேரே கையெழுத்துப் போட்டார். தாடியால் உயர்கல்விக்கு ஏதாவது பயன் இருந்தது என்றால் அது அன்றுதான்.