சரோஜம்மாவின் குரலும் இரண்டு பிளகின்களும்

மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் படியேறிய சுஜித் பாதியிலேயே நின்றுவிட்டான். மேலே ஸ்டுடியோவின் பெரிய ஸ்பீக்கரில் அவனுடைய அம்மா பாடிக்கொண்டிருந்தாள்.

சரோஜம்மா அந்த மாடிக்கு ஒரு நாளும் வந்ததில்லை. கொச்சியின் கொச்சங்காடியில் இருந்த அந்தப் பழைய கட்டடத்தின் கீழ்த்தளம் சுக்குக் கிடங்கு. அங்கே இருபது பெண்களோடு உட்கார்ந்து சுக்கைத் தரம் பிரிப்பது அவள் வேலை. மேல்தளத்தில் ராமபத்ரன் நடத்தும் ஒலிப்பதிவுக்கூடம். அதில் பத்து வருடமாக சுஜித்தான் எஞ்சினியர். காலையில் அம்மா கீழே நுழைவாள், மகன் மேலே ஏறுவான். இத்தனை வருடத்தில் பக்திப் பாட்டு, மாப்பிளப் பாட்டு, நகைக்கடை விளம்பரம் என்று யார் யாரையோ பதிவு செய்திருக்கிறான். அம்மாவின் முன்னால் ஒரு மைக்கை நீட்ட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

அதை ஸாதனா செய்துவிட்டாள்.

ஸாதனா வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. பாலக்காட்டிலிருந்து எர்ணாகுளத்தில் குடியேறிய ஐயர் வீட்டுப் பெண். சென்னையில் ஒலிப்பதிவு படித்தவள். சுஜித்தின் அப்பா ராக்கப்பன் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுஜித் படித்தது பிளஸ் டூ வரைக்கும். மற்றதெல்லாம் ஆங்கிலக் கையேடுகளை அகராதி வைத்துக்கொண்டு வாசித்தும், தொட்டும், கெடுத்தும், சரிசெய்தும் கற்றது. முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் "சுஜித்தே, இங்க வா" என்று கூப்பிடும் ராமபத்ரன், இப்போது "ஸாதனா, நீ ஒண்ணு கேட்டுச் சொல்லு" என்கிறார். அந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் சுஜித்துக்கு நெஞ்சுக்குள் எரியும்.

"சுஜித்தேட்டா, உங்க அம்மா என்னமாப் பாடறா," என்றாள் ஸாதனா திரும்பிப் பார்த்து. "முறத்துல சுக்கு புடைக்கற சத்தம் எடுக்கத்தான் போனேன். நான் நிக்கறதையே மறந்துட்டு அவா பாட ஆரம்பிச்சுட்டா."

"அம்மா எப்பவும் பாடும்," என்றான் சுஜித். "இதுல என்ன இருக்கு?"

வேலை இதுதான். காமாக்ஷி என்ற நடனக்காரி, கிடங்குப் பெண்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி தயாரித்துக்கொண்டிருந்தாள். அதற்கு நாற்பது நிமிட இசை வேண்டும். வாத்தியம் எதுவும் வேண்டாம், கிடங்கின் சத்தங்களையே பொடிப்பொடியாக்கி இசையாக்க வேண்டும் என்றாள். ஒலியை அப்படி உடைக்கத் தனி பிளகின்கள், கம்ப்யூட்டரின் ஒலிப்பதிவு மென்பொருளில் செருகிக்கொள்ளும் சிறு கருவிகள், அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தன. ஒரு வினாடி ஒலியை நூறு துணுக்காக வெட்டி, ஒவ்வொன்றையும் நீட்டலாம், மேலே தூக்கலாம், இடம் மாற்றித் தூவலாம். ராமபத்ரன் இரண்டை இன்டர்நெட்டில் கண்டுபிடித்து, சோதித்துப் பார்க்கும் பதிப்பை இறக்கியிருந்தார். அரை நிமிடத்துக்கு ஒரு முறை அவை தாமாக ஒரு கணம் ஊமையாகி மீளும்.

"ரெண்டு பேரும் கேளுங்கோ," என்றார். "ஒண்ணுதான் வாங்கறது. எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

ஒன்றின் முகப்பு நீலம். அதைத் தொட்ட உடனேயே அறை நிறையும். எதைப் போட்டாலும் மேகம்போலப் பரந்து, எங்கிருந்தோ வரும் கூட்டுக்குரலாக மாறிவிடும். சுஜித்துக்கு அது பிடித்தது. இன்னொன்றின் முகப்பு சாம்பல் நிறம், பார்க்கவே சப்பென்று இருக்கும். ஆனால் துணுக்கின் நீளம், அடர்த்தி, ஓரங்களின் மழுக்கம் எல்லாவற்றுக்கும் தனித்தனி எண்கள். ஸாதனா அதைத்தான் எடுத்தாள். அரை மணி நேரத்தில் சரோஜம்மாவின் குரலை இழுத்து இழுத்து, ஒரு மூச்சு எடுக்கும் நேரத்தை ஒரு நிமிடமாக்கிக் காட்டினாள். முறத்தின் சரசரப்பு மழைபோல இறங்க, அதன் நடுவே அந்தக் குரல் எங்கும் போகாமல் நின்றது.

கேட்டுக்கொண்டிருந்த ராமபத்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பத்து வருடத்தில் தன்னுடைய எந்த வேலைக்கும் அவர் அப்படிக் கண்ணாடியைக் கழற்றியதில்லை என்பதை சுஜித் கவனித்தான்.

மறுநாள் ஸாதனா காக்கநாட்டில் ஏதோ சான்றிதழ் வாங்க கலெக்டரேட்டுக்குப் போயிருந்தாள். சுஜித் அவளுடைய கோப்பைத் திறந்தான். கம்ப்யூட்டர் ஒலியை எடுத்துக் கொடுக்கக் கிடைக்கும் அவகாசத்தை மிகக் குறைந்த அளவுக்கு இறக்கினான். அந்த அளவில் எந்த பிளகினும் திணறும் என்பது அவனுக்குத் தெரியும். சாம்பல் பிளகினை ஓட விட்டான். ஒலி திக்கியது, திரை உறைந்தது. இன்னொரு தடவை செய்தான். மறுபடியும் உறைந்தது. பிறகு அளவைப் பழையபடி மாற்றிவிட்டு, ராமபத்ரனின் அறைக்குப் போனான்.

"சார், அந்த சாம்பல் பிளகின் நம்ம மெஷினுக்குச் சரியாவாது. ரெண்டு பிராவசியம் ஹேங் ஆயிப் போச்சு."

"நன்னாத்தானே ஓடித்து நேத்து?"

"கொஞ்ச நேரம் ஓடும். நாப்பது நிமிஷம் தாங்காது. வேணும்னா ரிஸ்க் எடுக்கலாம்."

ராமபத்ரன் மேற்கொண்டு கேட்கவில்லை. மெஷின் விஷயத்தில் சுஜித் சொன்னால் அதுதான் கடைசி வார்த்தை. அன்று மாலையே நீல பிளகினை வாங்கினார். மறுநாள் விஷயம் தெரிந்தபோது ஸாதனா சுஜித்தை ஒரு நிமிடம் பார்த்தாள். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் நாற்காலியை நகர்த்தி அவனுக்கு இடம் கொடுத்தாள்.

அவள் சண்டை போட்டிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

நான்கு நாள் உட்கார்ந்து முதல் பத்து நிமிடத்தை முடித்தான். காமாக்ஷி வந்து கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள். கொஞ்சம் தயங்கி, "அந்தச் சேச்சியோட சப்தம் எங்கே போச்சு? ஏதோ சர்ச்சுல கோரஸ் பாடற மாதிரி இருக்கு," என்றாள். பிறகு ஸாதனாவிடம், ராமபத்ரன் சொல்லியிருந்த அந்தப் பழைய சோதனைத் துண்டு இருக்கிறதா என்று கேட்டாள். ஸாதனா போட்டாள். சரோஜம்மாவின் குரல் எழுந்ததும் காமாக்ஷியின் கை தானாக அசைந்தது. "இதுதான். இப்படித்தான் வேணும்."

சுஜித் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றான். அம்மா அவனுடையவள். குரலும் அவனுடையது என்றுதான் அவன் இருபத்தொன்பது வருடமாக நினைத்திருந்தான்.

சாயங்காலம் வீட்டில் அம்மா கப்பைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் எடுத்த பாட்டை ஆட்டத்துக்குப் போடப் போகிறார்கள் என்று சுஜித் வேண்டாவெறுப்பாகச் சொன்னான். அம்மாவின் கத்தி நின்றது.

"பாட்டா? அந்த மோள் முறத்துச் சத்தம்னுதானே சொல்லிச்சு?"

"பாட்டையும் எடுத்திருக்கு."

"எந்தப் பாட்டுடா?"

அவன் பாடிக் காட்டினான். பத்து வருடம் கீழேயிருந்து காதில் விழுந்தும் வார்த்தையைக் கவனிக்காத பாட்டு. *மேஸ்திரி தராசு பொய் சொல்லும், மேஸ்திரி வயிறு மெய் சொல்லும்.* பாடிக்கொண்டே வந்தவனுக்குப் பாதியில்தான் அர்த்தம் உறைத்தது: கிடங்கில் சுக்கை எடை போட்டுக் கூலி கணக்கிடும் மேஸ்திரியைக் கிண்டல் செய்யும் பாட்டு. நிறுத்திவிட்டான்.

"மோனே, அந்த மேஸ்திரி ஆட்டத்துக்கு வருவான்," என்றாள் சரோஜம்மா. "முதலாளியும் வருவாரு, கிடங்குக்காரங்க எல்லாத்தையும் கூப்பிட்டிருக்கு. அந்த வார்த்தை அவன் காதுல விழுந்தா நான் மறுநா எங்க போவேன்? எங்க கூட்டமே வெளிய நிக்கும். அழிச்சுடச் சொல்லு."

அவன் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. காமாக்ஷிக்கு அந்தக் குரல் வேண்டும். அம்மாவுக்கு அந்த வார்த்தை போக வேண்டும். காலையில் முதல் ஆளாகப் போய் நீல பிளகினில் எல்லா விதத்திலும் முயன்றான். துணுக்கைப் பெரிதாக்கினால் 'மேஸ்திரி' தெளிவாகக் கேட்டது. சிறிதாக்கினால் அம்மா காணாமல் போய் மேகம் மட்டும் மிஞ்சியது. நடுவில் நிறுத்த அதில் இடமில்லை. சாம்பல் பிளகினில் இடம் உண்டு என்பதை அவன் காது முதல் நாளே சொல்லியிருந்தது. வார்த்தை உடையும், ராகம் உடையாது. அதற்கான எண்கூட ஏறத்தாழத் தெரிந்தது.

ஸாதனா உள்ளே வந்தபோது அவன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான்.

"ஸாதனா, அந்த பிளகின் ஹேங் ஆகல. நான் ஆக்கினேன்."

"தெரியும்," என்றாள் அவள், பையைக் கீழே வைத்தபடி. "எங்காத்து மெஷின் இதைவிடப் பழசு. அதுலயே நாப்பது நிமிஷம் ஓட்டிப் பாத்தேன்."

"பின்ன ஏன் சார்கிட்ட சொல்லல?"

"நான் வந்து நாலு மாசம். நீங்க பத்து வருஷம். சொன்னா யாரை நம்புவார்? அப்பறம் நான் இங்க எப்படி வேலை செய்யறது?"

அவள் பயந்திருக்கிறாள் என்பது அதுவரை அவனுக்குத் தோன்றவே இல்லை. அம்மா சொன்னதைச் சொன்னான். ஸாதனா நாற்காலியில் உட்கார்ந்தாள். "வார்த்தை புரிஞ்சுது. தமாஷ்னு நினைச்சேன். அவாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்," என்றாள்.

ராமபத்ரனிடம் சுஜித் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொன்னான்.

"நீ சொன்னா நான் திருப்பிக் கேக்க மாட்டேன்னு நோக்குத் தெரியும். அதனாலதானே சொன்னாய்?"

"ஆமா சார்."

"இனிமே கேப்பேன்," என்றார். சாம்பல் பிளகினையும் வாங்கினார். அந்த வேலை முழுவதையும் ஸாதனாவின் பொறுப்பில் விட்டார்.

நிகழ்ச்சி ஃபோர்ட் கொச்சியில் ஒரு காலிக் கிடங்கில் நடந்தது. கீழ்த்தளப் பெண்கள் எல்லோரும் நல்ல புடவை கட்டி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் மேஸ்திரி. முறச்சத்தம் இறங்க ஆரம்பித்து, அதற்குள்ளிருந்து ஒரு குரல் ராகமாக மட்டும் எழுந்தது. ஒரு வார்த்தைகூட இல்லை. பெண்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மேஸ்திரி தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார், முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார். சரோஜம்மாவுக்குச் சிரிப்பை அடக்கி அடக்கிக் கண்ணில் நீர் வந்தது.

ஆட்டம் முடிந்ததும் அவள் நேராக ஸாதனாவிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "மோளே" என்று என்னவோ சொல்லிச் சிரித்தாள். தூரத்தில் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த சுஜித் அதைப் பார்த்தான். பழைய எரிச்சல் அதே இடத்தில் எழுந்தது. அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டு சுருட்டி முடித்தான்.

திங்கட்கிழமை ஸாதனா வந்ததும் அவன் அவளருகே ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"அம்மாவோட குரலுக்குத் துணுக்கு நீளம் எந்த நம்பர் வெச்சே? நான் நினைச்சது அறுபது."

"நாப்பத்தஞ்சு," என்றாள்.

தான் நினைத்தது சரியில்லை என்பது அவனுக்குக் கசந்தது. "போட்டுக் காட்டு," என்றான்.