கையுறைக்குள் கறி

எங்கள் மேனேஜர் ஃபினர்ட்டிக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது அணியில் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரியாது. 1908 பேஸ்பால் பருவம் முழுக்க, பயிற்சியின்போது தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்திருப்பார். என் கையுறையில் பந்து விழும் ஓசையை வைத்தே பந்து வீசுபவனை எடை போடுவார். துப்பாக்கி மாதிரி வெடித்தால் அவன் தோளில் உயிர் இருக்கிறது. இல்லையென்றால் ஊருக்கு ரயில்.

நான் கேட்சர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து, அவன் தவறவிடுவதையெல்லாம் உள்ளங்கையில் வாங்கிக்கொள்ளும் உத்தியோகம். புத்தியுள்ளவர்கள் போட்டிக்கு வராததால் எனக்குச் சுலபமாகக் கிடைத்தது. ஆகஸ்டில் என் இடது கை ரொட்டி மாவு போல உப்பிவிட்டது. வெளியே சொன்னால் எனக்குத்தான் ரயில். கசாப்புக் கடையில் மாட்டுக்கறித் துண்டு வாங்கி, பந்தின் அடியைத் தாங்கக் கையுறைக்குள் திணித்துக்கொண்டேன். எல்லா கேட்சர்களும் செய்வதுதான். ஆனால் ஃபினர்ட்டியின் சட்டம் வேறு: ஆட்டத்தில் எதையும் திணித்துக்கொள்ளலாம், பயிற்சியில் கூடாது. நாற்றம் பிடிக்காது என்று காரணம் சொல்வார். நாங்களும் மூக்கைச் சுளித்துத் தலையாட்டுவோம்.

ஒரு நாள், பயிற்சி என்று தெரிந்தும் கறியை எடுக்கவில்லை. வலி அப்படி.

லெம் டாக்கெட் வீசினான். பந்து தொப்பென்று விழுந்தது.

ஃபினர்ட்டி நிமிர்ந்தார். "இன்னொண்ணு போடச் சொல்லு."

தொப்.

"யாரு அது?"

"டாக்கெட், ஐயா."

புது வீச்சாளன் ஒருவன் வரவிருந்தான். பழையவர்களில் ஒருவன் போயாக வேண்டும். சாயங்காலமே டாக்கெட் கையில் ரயில் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டார்கள்.

சாப்பாட்டின்போது சொல்லிவிடலாம் என்றிருந்தேன். உருளைக்கிழங்கு வந்தது. பிறகு ஆப்பிள் பை வந்தது. தின்னும் வாய்க்கு ஓய்வே கிடைக்கவில்லை.

நானும் டாக்கெட்டும் ஒரே அறை. பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டே கேட்டான்: "ஓட்டோ, பிடிச்சவன் நீதானே. மறைக்காம சொல்லுடா. என் பந்துல ஒண்ணுமே இல்லையா?"

"காத்துடா. அந்தப் பக்கமா அடிச்சுது."

"காத்தா?"

"ஈரக் காத்து."

"எனக்கே காதுல விழுந்துச்சுடா. சேத்துல பூசணிக்காய் விழுந்த மாதிரி. தோளு போச்சு. திரும்ப நிலக்கரிச் சுரங்கத்துக்கே போறேன். கரிக்கு வேகமா வெட்டினாலும் ஒண்ணுதான், மெதுவா வெட்டினாலும் ஒண்ணுதான்."

நன்றாகவே இருந்த தன் தோளை அவன் தடவிக்கொண்டிருந்தான். அணியை விட்டு அனுப்பியதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். தோள் போய்விட்டது என்று அவன் நம்பிவிட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காலையில், "ரயிலுக்கு நேரமிருக்கு, கடைசியா ஒரு பந்து போட்டுட்டுப் போ" என்று மைதானத்துக்கு இழுத்துப்போனேன். ஃபினர்ட்டி பெஞ்சில் காபியோடு இருந்தார். கறியை உருவி, மைதானத்து நாய்க்கு எறிந்தேன். அது ஒரு தடவை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

டாக்கெட் வீசினான். அந்தச் சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் படபடத்து எழும்பின. எனக்கு அவை தெரியவில்லை, கண்ணில் தண்ணீர்.

காபிக் கோப்பை பாதி வழியில் நின்றது. "யார்ரா அது?"

"டாக்கெட்தான் ஐயா."

"அப்ப நேத்து போட்டது?"

"நேத்தும் அவன்தான். நேத்து கையுறைக்குள்ள கறி இருந்துச்சு."

எழுந்து வந்தார். என் கையைப் பிடித்து விரலால் தடவிப் பார்த்தார். அதற்குக் கண் தேவைப்படவில்லை.

"நேத்தே ஏண்டா சொல்லல?"

"சொன்னா என்னை அனுப்பிடுவீங்க."

"இப்ப மட்டும் என்ன, மடியில உக்கார வச்சுக்கவா போறேன்?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏண்டா, பசங்க என் கண்ணப் பத்தி ஏதாச்சும் பேசிக்கிறானுங்களா?"

"கண்ணா? உங்க கண்ணுக்கு என்ன ஐயா?"

"ஒண்ணுமில்ல. போ, டாக்கெட் இருக்கட்டும். ரயிலுக்கு உனக்குத்தான் நேரமாச்சு."

ஸ்டேஷன்வரை டாக்கெட்தான் என் பெட்டியைத் தூக்கி வந்தான். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஈரக் காத்து," என்றான்.

"ஆமாண்டா."

வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தை நீட்டினான். "எனக்குக் கட்டின சாப்பாடுதான். உள்ள மாட்டுக்கறி இருந்துச்சு. உனக்கு இந்த வருஷத்துக்கு அது போதும்னு எடுத்துட்டு முட்டை வச்சேன்."

வெகுநேரம் அதைப் பிரிக்கவே இல்லை. பிரித்துப் பார்த்தால், முட்டைக்கென்று உப்பையும் மிளகையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தான்.