சூளைக்காரர் வீட்டு இளைய மகள்

என் முடிதிருத்தும் கடைக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. அந்த ஒரு நாளும் கல்லறைத் தோட்டத்தில் கழியும் என்று கல்யாணத்துக்கு முன்பு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெண் சாது என்று மட்டும் சொன்னார்கள். அதுவும் பொய்.

எல்லாம் என் மாமியாரால் வந்தது. விஷக்காய்ச்சல் ஊரையே வாரிக்கொண்டு போன வருடம், கைக்குழந்தையாக ஆஸ்பத்திரிக்கு வந்தவர் அவர். சூளைக்காரர் வீட்டுக் குழந்தை, வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை என்று சொல்லி, வார்டில் இருந்த நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மாதான் வேறு ஊருக்குத் தூக்கிப்போய் வளர்த்தார். பெற்றவர்கள் வைத்த பெயரை மட்டும் மாற்றவில்லை.

நாலு பேர் கூடி, யாருக்கு யார் அத்தை, யாருக்கு யார் சித்தி என்று பேச்செடுத்தால் மாமியார் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார். "எனக்கென்ன, நான் வானத்துலேர்ந்து குதிச்சவ," என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அவர் என்னைத் திட்டுவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்காது. "பெத்தவங்க எங்க கிடக்குறாங்கன்னாவது தெரிஞ்சா போதும்" என்று ஒருநாள் அவர் வாய்விட்டுச் சொல்லிவிட, மகள், அதாவது என் மனைவி, அந்தப் பழைய ஊரில் தேடக் கிளம்பிவிட்டாள்.

பாழடைந்த வீட்டைக் கண்டுபிடிக்க அவள் சுவரைத் தேடமாட்டாள், செடியைத் தேடுவாள். வீடு இடிந்து மண்ணானாலும் வாசலில் நட்ட லில்லி வருடா வருடம் பூக்கும். காடு வரிசை பிடித்து முளைக்காது, மனுஷன்தான் வரிசையாக நடுவான் என்பாள். அப்படித்தான் வாய்க்காலோரப் புதருக்குள் இரண்டு வரிசை லில்லியைப் பிடித்தாள். நடுவே ஒரு வாசற்படி, பின்னால் கரிபிடித்த பழைய செங்கல் சூளை. சந்தோஷத்தில் அங்கேயே என்னைக் கட்டிக்கொண்டாள். முதுகில் முள் குத்தியது, நான் மூச்சு விடவில்லை.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கல்லறைத் தோட்டம். வாடிக்கையாளருக்குப் பின்கழுத்தைக் காட்டும் என் கைக்கண்ணாடிக்கு அங்கே புது வேலை கிடைத்தது. வெயிலைப் பிடித்துக் கல்லின்மேல் பக்கவாட்டில் விட்டால், பள்ளத்தில் நிழல் விழுந்து தேய்ந்த எழுத்தும் எழும்பி வரும். நான் பிடிப்பேன், அவள் படிப்பாள். சாய்ந்த கல், உடைந்த கல், புல் மூடிய கல் ஒன்றுவிடாமல் பார்த்தோம். பராமரிப்பில் இருந்தவற்றின் பக்கம் போகவே இல்லை. ஒருவரும் மிஞ்சாத குடும்பத்துக்கு யார் வந்து புல் பிடுங்கப் போகிறார்கள்?

ஒருநாள் மாமியாரும் வந்தார். வந்தவர் சும்மா இருப்பாரா? எனக்குக் கண்ணாடி பிடிக்கத் தெரியவில்லை என்றார், குனியத் தெரியவில்லை என்றார். கடுப்பாகி, பளிச்சென்று வெள்ளையடித்திருந்த ஒரு சின்னக் கல்லறையின் பக்கம் போய் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தேன். வெளிச்சம் சரிந்து அந்தக் கல்மேல் விழுந்தது. வெறும் கல் என்று நினைத்த இடத்தில் எழுத்துகள். பூச்சுக்குமேல் பூச்சாக அடித்த சுண்ணாம்பு பள்ளத்தையெல்லாம் நிரப்பியிருந்தது.

முதல் வரியில் என் மாமியாரின் பெயர். அடுத்த வரி, சூளைக்காரர் இளைய மகள். அதன்கீழ் அந்தக் காய்ச்சல் வருடம்.

"அத்தை, கொஞ்சம் இங்க வாங்க. திட்டாம பாருங்க."

வெகுநேரம் பார்த்தார். "என்னை நல்லாத்தான் வச்சிருக்காங்க," என்றார்.

என் மனைவிக்குத்தான் முதலில் உறைத்தது. "அம்மா, அவங்க செத்துட்டாங்கன்னு உன் பக்கம் சொன்ன மாதிரி, நீ செத்துட்டேன்னு அவங்க பக்கம் சொல்லியிருக்காங்க. இது இப்ப அடிச்ச சுண்ணாம்பு. உனக்கு யாரோ இருக்காங்கம்மா."

தோட்டக் காவலாளியிடம் ஓடினோம். "அதுவா? ஒரு அம்மா வாளியும் பிரஷ்ஷுமா வருவாங்க. மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிய முடிதிருத்துபவனைப் பார்த்திருக்கிறீர்களா? நான் மூடினேன்.

அந்த அம்மா வந்தார். மெலிந்த உடம்பு, வேகமான நடை. மாமியாரைவிட மூத்தவர். யார் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தோம். மாமியார் அதைக் காற்றில் விட்டுவிட்டு நேரே போய் நின்றார்.

"இப்படி அப்பு அப்புன்னு அப்புனா பேரு எப்படிங்க தெரியும்?"

"எனக்குத் தெரியுமே. என் தங்கச்சி பேரு. நீங்க யாரு கேக்கறதுக்கு?"

மாமியார் கல்லைக் காட்டினார். "அது நான்தான்."

பிரஷ் வாளிக்குள் விழுந்தது. என் மனைவி குறுக்கே புகுந்து காய்ச்சல், வார்டு, நர்ஸம்மா என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அந்த அம்மா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண் முழுக்க என் மாமியாரின் முகத்திலேயே இருந்தது.

"ஆஸ்பத்திரியில உடம்பைக் கேட்டோம், தொத்துக் காய்ச்சல்னு குடுக்கல," என்றார் மெதுவாக. "இந்தக் குழியில ஒண்ணும் இல்ல. அம்மா மனசு கேக்காம வச்ச கல்லு. அப்பாவும் அம்மாவும் அந்த மரத்தடியில இருக்காங்க. நான் ஒருத்திதான்..."

சுண்ணாம்புக் கையாலேயே தங்கையின் முகத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள், நடுநடுவே சிரித்தார்கள். நானும்தான் அழுதேன், மறைப்பானேன்?

பிறகு அக்கா மூக்கைச் சிந்திவிட்டு அதட்டினார். "இந்த வெயில்ல என்ன நிக்கிற? தள்ளி நிழல்ல வந்து நில்லு."

எனக்குப் பகீரென்றது. யார் சொல்லியும் என் மாமியார் ஓர் அங்குலம் நகர்ந்து நான் பார்த்ததில்லை.

"சரிக்கா," என்று சொல்லி, நகர்ந்து நின்றார்.