சங்கிலிமுத்துவின் வாய்

எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியின் சரித்திரத்தில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய மாபெரும் விசாரணை ஒன்று, 1963 ஆவணியில், சங்கிலிமுத்துவின் வாய்க்குள் நடந்தேறியது.

கேட்டில் நின்றபடி அவன் எதையோ மென்றுகொண்டிருந்தான். வாட்ச்மேன் முத்துக்கருப்பனின் தர்க்கம் எளிது: மெல்லுகிறவனிடம் புகையிலை இருக்கும்; புகையிலை இருந்தால் பீடி இருக்கும்; பீடி இருந்தால் தீப்பெட்டி இருக்கும்; தீப்பெட்டி இருந்தால் கம்பெனி இருக்காது. போர்மேன் சுந்தரபாண்டி வந்து, வெயிலுக்கு நேராக வாயைத் திறக்கச் சொல்லி, கடைவாய்ப் பல் வரை ஆராய்ந்தார்.

"நல்லாப் பாருங்கய்யா. காலைல குடிச்ச கூழு இருந்தாலும் இருக்கும்" என்றான் சங்கிலிமுத்து.

கூழும் இல்லை. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாலே. அதுவரைக்கும் வேலை கிடையாது" என்றார் போர்மேன்.

பக்கத்தில் நின்ற, அதே கம்பெனியில் லேபிள் ஒட்டும் அவன் மனைவி குருவம்மாளுக்குச் சந்தேகம் வேறு பக்கம் போயிற்று. ஆறு வருடத்துக்கு முன் பன்னிரண்டு நாள் தூங்காமல், வெடிமருந்துக் கிடங்கின் கூரையில் ஏறி நின்று, ஊரான் கிணறுகளையெல்லாம் ஊருக்கே தானம் செய்தவன் அவன். விருதுநகர் டாக்டரின் மாத்திரைதான் அவனைக் கீழே இறக்கியது. அன்றிலிருந்து தினமும் அவளே கையில் கொடுத்துவருகிறாள். வெறும் வாய் மெல்லத் தொடங்கியது போன மாசியில்.

மறுநாள் அவனோடு விருதுநகர் போய்க் கேட்டாள். "மாத்திரையால இருக்குமோய்யா?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பெரிய விஷயம் வரப்போகிறது என்று அர்த்தம். "ஏம்மா, சீமையில கண்டுபிடிச்ச மருந்து. ஆயுசு பூரா தின்னாலும் ஒண்ணும் பண்ணாது."

"ஆயுசு பூரா தின்னவுக யாரையும் பாத்திருக்கீகளா?"

"நிறுத்திப் பாரு. மறுபடி கூரை ஏறுவான்."

கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனால் பொய்யும் இல்லை.

"இல்லய்யா, எம்புட்டுப் பேருக்குக் குடுத்திருக்கீக?"

டாக்டர் அந்த மாத்திரைக்கென்று வைத்திருந்த நோட்டைக் கம்பீரமாகப் பிரித்தார். பிரித்த வேகத்திலேயே மூடினார். அதற்குள் பட்டாசு லேபிள் படித்துப் பழகிய அவள் கண் பார்த்துவிட்டது. அவர் மளமளவென்று கடிதம் எழுதினார்.

கேட்டில் சுந்தரபாண்டி அதை உரக்க வாசித்தார்: 'நோயாளிகள் பலரிடம் பல்லாண்டு கண்ட அனுபவத்தில், இம்மாத்திரை முற்றிலும் தீங்கற்றது. வாயசைவு வெறும் பழக்கம்.'

"கேட்டியாலே, பல பேரு அனுபவம்" என்று முத்துக்கருப்பனிடம் சொல்லி, கேட்டைத் திறக்கச் சொன்னார். சங்கிலிமுத்து மென்றபடி உள்ளே போனான். முந்தானையில் முடிந்திருந்த மாத்திரைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு குருவம்மாளும் போனாள்.

டாக்டரின் நோட்டில் இருந்தது ஒரே ஒரு பெயர்.